வெரிகோஸ் வெயின் ஆபரேஷனுக்குப் பிறகு: கேள்வியும் பதிலும்

வெரிகோஸ் வெயின் என்பது வால்வு கெட்டு, ரத்தம் தேங்கிப் புடைத்த கால் சிரை (வெயின்). லேசர் அதைச் சூட்டால் அடைத்துவிடும். பதில் சொல்பவர் ரத்தக்குழாய் அறுவைப் பிரிவு மருத்துவர். உங்கள் டிஸ்சார்ஜ் சீட்டில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். உங்கள் காலைத் திறந்து பார்த்தவர் எழுதியது அது.

டீக்கடை மாஸ்டர், மதுரை: டாக்டர், நேத்து வலது காலுக்கு லேசர் பண்ணினாங்க. சாயங்காலமே நடக்கச் சொல்லி அனுப்பிட்டாங்க. வீட்ல ஒரு வாரம் படுத்தே இருக்கணும்கிறாங்க. எது சரி?

நடப்பதுதான் சரி. காலில் இருந்து ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் சதை. ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அது சுருங்கி, உள்ளே ஆழத்தில் இருக்கும் பெரிய சிரைகளைப் பிழிகிறது. படுத்தே கிடந்தால் அந்த ஓட்டம் மந்தமாகி ரத்தம் உறையலாம். இந்த ஆபரேஷனில் நாங்கள் உண்மையாகப் பயப்படுவது அது ஒன்றுக்குத்தான். ஒரு சிரையை அடைத்துவிட்டால் ரத்தம் எப்படி ஏறும் என்று கவலை வேண்டாம். கால் ரத்தத்தின் பெரும்பகுதி எப்போதுமே ஆழ்சிரை வழியாகத்தான் போகிறது. உங்களுக்கு அடைத்தது ஏற்கெனவே வால்வு கெட்டு, ரத்தத்தைக் கீழே ஒழுகவிட்டுக்கொண்டிருந்த, தோலுக்கு அடியில் ஓடும் மேல்சிரை.

முதல் வாரம், விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒருமுறை 5 முதல் 10 நிமிடம் நடங்கள். உட்கார்ந்தால் காலை ஸ்டூல் மேல் வையுங்கள். படுத்தால் பாதத்துக்கு அடியில் இரண்டு தலையணை, குதிகால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே வரவேண்டும். பாதத்தை முன்னும் பின்னும் 20 முறை ஆட்டுங்கள்.

உங்கள் வேலையில் ஆபத்து நடப்பதில் இல்லை, பாய்லர் முன்னால் அசையாமல் நிற்பதில் இருக்கிறது. லேசர் செய்தவர்கள் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் வேலைக்குப் போகலாம். ஆனால் ஓர் உயரமான ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள். 10 நிமிடத்துக்கு மேல் ஒரே இடத்தில் நிற்க நேர்ந்தால் குதிகாலை 20 முறை தூக்கி இறக்குங்கள். பழைய முறையில் தொடை இடுக்கில் வெட்டி, சிரையை உருவி எடுத்திருந்தாலும் இதே நடைதான், வேலைக்குத் திரும்ப மட்டும் 2 முதல் 3 வாரம் ஆகும்.

முதல் நாள் கட்டு நனைந்து இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் பதற வேண்டாம். லேசரின்போது சிரையைச் சுற்றி ஏற்றிய மரப்பு மருந்து நீர் அது. பளிச்சென்ற சிவப்பு ரத்தம் வந்தால் உடனே படுத்து, காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். நிற்கவில்லை என்றால் மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

ஆசிரியை, ஈரோடு: லேசர் முடிஞ்சு முதல் நாலு நாள் வலியே இல்லை. எட்டாவது நாள் உள்தொடையில கயிறு கட்டி இழுக்கிற மாதிரி இருக்கு. ஏதாவது தப்பாயிடுச்சா?

தப்பு எதுவும் நடக்கவில்லை. சூட்டால் மூடப்பட்ட சிரை சுருங்கித் தழும்பாக மாறும்போது இழுக்கும். 7 முதல் 10 நாள் வாக்கில் அது அதிகமாகி, அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் குறையும். காலை நீட்டி மடக்குங்கள். வலிக்கிறதே என்று முட்டியை மடித்தே வைத்திருந்தால் இழுப்பு நீளும். பாராசிட்டமால் 650 மி.கி., நாளைக்கு நான்கு முறைக்கு மிகாமல் போதும். வீக்கம் குறைய ஐபுப்ரோஃபென் நன்றாக வேலை செய்யும், ஆனால் அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

ஐ.டி. ஊழியர், சென்னை: இந்த ஸ்டாக்கிங்ஸைப் போடறதே பெரிய போராட்டமா இருக்கு. வெயில்ல அரிப்பு வேற. எத்தனை நாள் போடணும்?

காலை இறுக்கிப் பிடிக்கும் இந்த அழுத்த ஸ்டாக்கிங்ஸ், லேசர், ரேடியோ அலை (இதுவும் சூட்டால் சிரையை அடைப்பதுதான்) முறைகளுக்குப் பிறகு முதல் ஒன்றிரண்டு நாள் இரவும் பகலும், அதன் பின் பகலில் மட்டும், மொத்தம் ஒன்று அல்லது இரண்டு வாரம் என்பது வழக்கமான கணக்கு. மாதக்கணக்கில் எல்லோருக்கும் தேவையில்லை. கால் வீக்கமோ புண்ணோ இருந்தவர்களுக்குத்தான் நீளும்.

போடும் விதம்: காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே போடுங்கள். எழுந்து அரை மணி நேரம் நடந்தாலே கால் வீங்கி, ஏறாது. கையை உள்ளே விட்டு, குதிகால் பையைப் பிடித்து, அந்த இடம் வரை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக்கொள்ளுங்கள். பாதத்தை நுழைத்துக் குதிகால் சரியாக உட்கார்ந்ததா என்று பாருங்கள், அது கோணினால் மேலே எல்லாம் கோணும். பிறகு ரப்பர் கையுறை போட்டு, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து மேலேற்றுங்கள். மேல் விளிம்பைப் பிடித்து இழுத்தால் நகம் பட்டுக் கிழியும். விரல் திறந்த வகை என்றால் பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு ஏற்றி, பிறகு பையை விரல் வழியே உருவிவிடலாம். வழுக்கிக்கொண்டு ஏறும்.

மேல் விளிம்பு சுருண்டு முட்டிக்குப் பின்னால் வளையமாக இறுக்குவதுதான் நான் பார்ப்பதிலேயே மோசமான தவறு. அது ரத்தத்தை நிறுத்தும் கட்டாகிவிடும். நீளம் அதிகம் என்று மடித்தும் விடாதீர்கள், அளவை மாற்றி வாங்குங்கள். கணுக்காலின் மெலிந்த இடம், கெண்டைக்காலின் பருத்த இடம், தொடை வரை என்றால் தொடை, இவற்றைக் காலை வேளையில் அளந்து வாங்கவேண்டும். செருப்பு நம்பரைச் சொல்லி வாங்குவது உதவாது. விரல் நீலமாகவோ மரத்தோ போனால் உடனே கழற்றுங்கள்.

அரிப்புக்கு, இரவில் கழற்றிய பிறகு தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ மெல்லத் தடவுங்கள், காலையில் போடும் முன் தடவ வேண்டாம். இரண்டு ஜோடி இருந்தால் நல்லது. சோப்பு நீரில் கையால் அலசி, முறுக்காமல், நிழலில் காயப்போடுங்கள்.

ஜவுளிக்கடை விற்பனையாளர், திருநெல்வேலி: நாள் பூரா நின்னே வேலை. உட்கார்ந்தா சூப்பர்வைசர் திட்டுவார். லேசர் பண்ணிட்டுத் திரும்ப அதே வேலைக்குப் போகலாமா?

போகலாம், ஆனால் உட்கார இடத்தோடு. 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் செய்த திருத்தப்படி எல்லா ஊழியருக்கும் இருக்கை தரவேண்டியது கடைக்காரரின் கடமை. கேரளா இதை 2018லேயே செய்துவிட்டது. உங்கள் டாக்டரிடம் "தொடர்ந்து நிற்கக்கூடாது, இடையிடையே உட்கார வேண்டும்" என்று சீட்டில் எழுதி வாங்கிக் கொடுங்கள். சலுகை என்று நினைத்துக் கூச்சப்படாதீர்கள், உங்கள் கால் வீங்கியதே நின்று நின்றுதான்.

குடும்பத் தலைவி, தஞ்சாவூர்: கணுக்கால் உள்பக்கம் மரமரன்னு இருக்கு.

முட்டிக்குக் கீழே உணர்வு நரம்பு ஒன்று சிரையை ஒட்டியே ஓடுகிறது. சூடோ இழுப்போ பட்டால் தோல் மரத்துப்போகும். நடக்கும் பலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சில மாதத்தில் சுருங்கிக்கொண்டே வரும், சிலருக்கு ஒரு வருடம் வரை. அந்த இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுக்காதீர்கள், சுடுவது தெரியாமல் கொப்பளிக்கும். பாதத்தைத் தூக்கவே முடியவில்லை என்றால் அது வேறு விஷயம், அன்றே காட்டுங்கள்.

கல்லூரி மாணவர், சேலம்: அப்பாவுக்கு ஆபரேஷன் ஆச்சு. சாதாரண வலிக்கும் ரத்தக்கட்டுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்?

சிராய்ப்பு போல நீலம் பாய்வது, உள்தொடையில் கயிறு போல உணர்வது, சின்னச் சின்ன முடிச்சு எல்லாம் தோலுக்கு அடியில் நடப்பவை. நாளாக ஆகக் குறையும். ஆழ்சிரையில் ரத்தம் கட்டினால் கெண்டைக்கால் முழுவதும் பருத்து, கனத்து, காலை உயர்த்தி வைத்தாலும் வீக்கம் வடியாது. இரண்டு கெண்டைக்காலையும் முட்டிக்கீழ் ஒரே உயரத்தில் டேப்பால் அளந்து பாருங்கள். 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றே டாப்ளர் ஸ்கேன் (சிரையில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) வேண்டும். அளவு குறைவாக இருக்கிறதே என்று வலியை அலட்சியப்படுத்தவும் கூடாது. திடீர் மூச்சுத் திணறல், மூச்சு இழுக்கும்போது நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் 108.

வலி இல்லை என்று முதல் வார ஸ்கேனைத் தவிர்ப்பவர்கள் நிறைய. அடைத்த சிரையின் மேல்முனையில் இருந்து ரத்தக்கட்டு ஆழ்சிரைக்குள் நீள்கிறதா என்று பார்ப்பது அந்த ஸ்கேனில்தான், அது வெளியே தெரியாது.

வாசகி, கோவை: எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கலாமா?

48 மணி நேரம் காலை நனைக்காதீர்கள். பிறகு சோப்புப் போட்டு நின்று குளிக்கலாம், ஆற்றிலோ குளத்திலோ இறங்குவது துளைகள் முழுக்க மூடிய பிறகு, சுமார் 2 வாரம். தலைக்கு எண்ணெய் வைக்கலாம். காலை அழுத்தி நீவுவது ஆறு வாரத்துக்கு வேண்டவே வேண்டாம்.

சிங்கப்பூரில் வேலை செய்பவர்: லீவில் வந்து ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். பத்தாம் நாள் விமானம்.

முடிந்தால் டிக்கெட்டைத் தள்ளிப்போடுங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தை நான்கு வாரம் தவிர்ப்பது நல்லது, சென்னை–சிங்கப்பூர் அந்த எல்லையில் இருக்கிறது. மாற்ற முடியாது என்றால் போகும் முன் டாப்ளர் பார்த்து, ரத்தக்கட்டு தடுப்பு ஊசி தேவையா என்று சர்ஜனிடம் கேளுங்கள். நடைபாதை ஓர சீட், ஸ்டாக்கிங்ஸ், மணிக்கு ஒருமுறை எழுந்து நடை, நிறைய தண்ணீர். தூக்க மாத்திரையும் மதுவும் வேண்டாம். இரவு ஸ்லீப்பர் பஸ்ஸுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

மகள், விழுப்புரம்: அம்மாவுக்கு 62 வயசு, சர்க்கரை இருக்கு. கணுக்கால் புண்ணுக்காகத்தான் லேசர் பண்ணினோம். இனி கட்டுப் போடறதை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். லேசர் புண்ணின் காரணத்தை எடுத்தது, புண் ஆற அழுத்தக் கட்டு இன்னும் தேவை. பிரிட்டனில் 450 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், கட்டோடு சிரையையும் சீக்கிரமே அடைத்தவர்களுக்குப் புண் ஆற இடைநிலைக் கணக்கில் (பாதிப் பேருக்கு ஆறிய நாள்) 56 நாள் ஆனது, அடைப்பதைத் தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள். இரண்டு பக்கமும் கட்டு தொடர்ந்தது என்பதைக் கவனியுங்கள். ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்குத் தமனி ஓட்டம், அதாவது காலுக்கு ரத்தம் வந்து சேரும் ஓட்டம், குறைந்திருக்கலாம். கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிட்ட விகிதம் 0.8க்குக் கீழே இருந்தால் இறுக்கமான கட்டு புண்ணைக் கெடுக்கும். அந்த எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாசகர், வேலூர்: ஊசி மருந்து நுரை போட்ட இடத்துல பழுப்புக் கோடும் கட்டியும் இருக்கு.

நுரை என்பது சிரையை மூட ஊசி வழியே ஏற்றும் மருந்து. நீங்கள் பார்ப்பது மூடிய சிரைக்குள் தேங்கிய ரத்தம்தான். கட்டி வலித்தால் டாக்டர் ஊசியால் குத்தி வெளியேற்றிவிடுவார், பழுப்பும் குறையும். நிறம் மங்க 6 முதல் 12 மாதம் ஆகலாம். அதுவரை அந்த இடத்தில் நேரடி வெயில் படாமல் பாருங்கள்.

வாசகர், திருவண்ணாமலை: பௌர்ணமி கிரிவலம் எப்போ போகலாம்? பைக் ஓட்டலாமா?

14 கி.மீ. நடை காலுக்கு நல்லதுதான். ஆனால் அதற்கு முன் வீட்டருகே ஒரே மூச்சில் 5 கி.மீ. வலியில்லாமல் நடக்க வரவேண்டும், பெரும்பாலோருக்கு 4 முதல் 6 வாரம். வரிசையில் அசையாமல் நிற்கும் நேரம்தான் காலை வீங்கவைக்கும், அங்கே குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். பைக்குக்கு, மயக்க மருந்து கொடுத்திருந்தால் 24 மணி நேரம் கூடவே கூடாது. பிறகு சடாரென்று பிரேக் மிதித்தாலும் வலிக்காத நாளில் ஓட்டலாம். ஆபரேஷன் ஆன காலால் கிக்கர் உதைப்பதை இரண்டு வாரம் தள்ளிவையுங்கள்.

வாசகி, நாகர்கோவில்: திரும்ப வருமா?

அடைத்த சிரை பெரும்பாலும் அடைந்தே இருக்கும், சிலருக்கு மறுபடி திறக்கும். வேறு சிரையின் வால்வு கெடவும் வாய்ப்பு உண்டு, அந்தத் தன்மை குடும்பவழி வருவது. எடை, மலச்சிக்கல், நாள் முழுக்க நிற்பது மூன்றையும் குறைத்தால் தள்ளிப்போகும். கர்ப்பத் திட்டம் இருந்தால் முன்பே சொல்லுங்கள். புதிதாகப் புடைப்பு, மாலையில் வீக்கம், கணுக்கால் தோல் கறுப்பது தெரிந்தால் டாப்ளர் எடுங்கள். அப்போது பிடித்தால் நுரை ஊசியோடு முடிந்துவிடும் வாய்ப்பு அதிகம்.