அல்பாக்கா பின்னலாடை இலேசாக இருந்தும் குளிரைத் தாங்குவது எப்படி?

அல்பாக்கா என்பது பெரு, பொலிவியா நாடுகளின் ஆண்டிஸ் மலைகளில், பெரும்பாலும் 3,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் வளர்க்கப்படும் ஒட்டகக் குடும்பத்து விலங்கு. அதன் ரோமத்தை நூலாக்கி, ஊசிகொண்டு கையால் பின்னும் தொப்பி, மேற்சட்டை போன்றவையே அல்பாக்கா பின்னலாடைகள்.

இந்த ரோம இழைகள் பலவற்றின் நடுவே நுண்ணிய காற்றறைகள் உள்ளன. காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால் உடற்சூடு வெளியேறுவது குறைகிறது, எடையும் கூடுவதில்லை. இலவம்பஞ்சுத் தலையணை கைக்கு இலேசாகவும் கன்னத்திற்குக் கதகதப்பாகவும் இருப்பதற்கு அதன் இழைகளின் உள்ளீடற்ற அமைப்பே காரணம். இங்கும் நிகழ்வது ஏறத்தாழ அதுவே.

வடிவங்களின் வளம் தனியாகச் சொல்லத்தக்கது. பெரு, பொலிவியா எல்லையிலுள்ள டிட்டிகாக்கா ஏரியின் தக்கீலே தீவில் ஆண்கள் சிறுவயதிலேயே பின்னக் கற்று, காதுமூடிகள் கொண்ட 'சுல்யோ' தொப்பியை மெல்லிய ஊசிகளால் நெருக்கமாகப் பின்னுகிறார்கள். தொப்பியின் மேற்பகுதி வெள்ளையாக இருந்தால் அணிந்தவர் மணமாகாதவர். முழுவதும் சிவப்பென்றால் மணமானவர். பார்த்த மாத்திரத்தில் வாழ்நிலையைச் சொல்லும் இந்த நுட்பம் வியப்புக்குரியது. இத்தீவின் துணிக்கலையை 2005 இல் யுனெஸ்கோ மானுடப் பாரம்பரியமாக அறிவித்தது.

ஊசிப் பின்னல், ஸ்பானியருக்கு முன் ஆண்டிஸை ஆண்ட இன்கா பேரரசின் காலத்துக் கலை என்று பலர் கருதுவது சரியன்று: ஆண்டிஸ் மக்களின் தொன்மையான கலை தறிநெசவு; ஊசிப் பின்னல் 16 ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வருகைக்குப் பின்னரே அங்கு பரவியது.