ரைஃபிளும் கிரனேடு லாஞ்சரும் ஒட்டிப் பிறந்தால்: கேள்வி பதில்

எங்கள் ஞாயிற்றுக்கிழமை மேசை விளையாட்டுக் குழுவில் போன மாதம் ஒரு சண்டை. வேளச்சேரித் தம்பி ஒருவர் தன் கதை விளையாட்டில் தென்கொரியாவின் கே11 துப்பாக்கியை (ரைஃபிளும், சிறு வெடிகுண்டை எறியும் கிரனேடு லாஞ்சரும் ஒன்றாகச் சேர்ந்தது) கொண்டுவந்து, அதைச் சாதாரண ரைஃபிள் விலைக்கே கடையில் வைத்துவிட்டார். இரண்டாவது சுற்றிலேயே எதிரணி காலி. "சார் கஸ்டம்ஸில் இருந்தவர்தானே, அவரே வகை பிரித்து விலை போடட்டும்" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். ராஜாஜி சாலை கஸ்டம் ஹவுஸில் முப்பது வருடம் சரக்கை வகைப்படுத்தி மதிப்புப் போட்டவன் நான். ஆனால் என் மேசைக்கு வந்ததெல்லாம் ஏர்கன், பொம்மைத் துப்பாக்கி, அபூர்வமாக ஒரு பழைய வாள். இந்த ஆயுதத்தைத் தொட்டுப் பார்த்ததில்லை; படித்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

வேளச்சேரித் தம்பி: ரைஃபிளுக்கு அடியில் லாஞ்சர் மாட்டுவது வியட்நாம் காலத்திலேயே உண்டே சார். கே11இல் அப்படி என்ன புதுசு?

அதற்கும் முன்பே உண்டு தம்பி. முதல் உலகப் போரிலேயே .303 ரைஃபிளின் வாயில் ஒரு கிண்ணத்தை மாட்டி மில்ஸ் என்ற கைக்குண்டை எறிந்தார்கள். அமெரிக்காவின் எம்203 ரைஃபிளுக்கு அடியில் தொங்கும் 40 மி.மீ. குழல், ஒரு தடவைக்கு ஒரு குண்டு. ரஷ்யாவின் ஜிபி-25இல் குண்டை முன்பக்கமாகவே திணிக்கிறார்கள். இவை எல்லாம் ஒட்டுத்திண்ணை மாதிரி. கழற்றிவிட்டால் ரைஃபிள் ரைஃபிளாகவே நிற்கும்.

கே11 அப்படியில்லை. 5.56 மி.மீ. ரைஃபிளும் 20 மி.மீ. லாஞ்சரும் ஒரே உடம்பு. மேலே ஒரு கணினிக் குறிகாட்டி. அது லேசரால் தூரத்தை அளந்து குண்டுக்குச் சொல்லும். குண்டு பறக்கும்போது தான் எத்தனை சுற்று சுழன்றோம் என்று எண்ணிக்கொண்டே போய், எதிரியின் தலைக்கு மேலே காற்றில் வெடிக்கும். சுவருக்குப் பின்னால் பதுங்கினாலும் தப்ப முடியாது என்பதுதான் யோசனை. இதே யோசனையில் அமெரிக்கா முதலில் எக்ஸ்எம்29 என்று ஒன்றைச் செய்து பார்த்தது. சுமார் 6.4 கிலோவுக்குள் அடக்க நினைத்தார்கள், 8 கிலோவைத் தாண்டியது. 20 மி.மீ. குண்டின் அடியும் போதவில்லை. கடைசியில் இரண்டையும் பிரித்து, லாஞ்சரை மட்டும் 25 மி.மீ. எக்ஸ்எம்25 ஆக்கி 2010இல் ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பினார்கள். ஒட்டியதைப் பிரிக்கவே அவ்வளவு செலவு!

அதே தம்பி: சரி சார், விளையாட்டில் என்ன விலை வைக்கட்டும்?

இங்கேதான் கொஞ்சம் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். அமெரிக்க ராணுவத்துக்கு ஒரு எம்4 ரைஃபிள் 2013 வாக்கில் 700 டாலருக்குள் கிடைத்தது. கே11க்குச் சொன்ன விலை சுமார் 1 கோடியே 60 லட்சம் வோன். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 14,000 டாலர். எக்ஸ்எம்25க்கு 35,000 டாலர் அளவில் செய்திகள் வந்தன, அதிலும் ரைஃபிளே கிடையாது. ஆக, ரைஃபிளை ஒரு பங்கு என்று வைத்தால் ஒட்டுப்பிறவிக்கு இருபது பங்கு. இதற்குக் கீழே போகாதீர்கள்.

இரும்புக்கா இந்த விலை? இல்லை. குழலும் கட்டையும் அதே குழல், அதே கட்டைதான். பணம் முழுக்க மேலே உள்ள அந்தக் கண்ணில் இருக்கிறது. அப்புறம் குண்டு. ஒவ்வொரு குண்டுக்குள்ளும் ஒரு மின்சுற்று. வெடித்தால் அதுவும் போச்சு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதற்கே சொன்ன மாதிரி. அதனால் ஆயுதத்தின் விலையை ஏற்றுவதைவிடக் குண்டின் விலையை ஏற்றுங்கள். சாதாரணத் தோட்டாவைப் போல ஐம்பது மடங்காவது வையுங்கள். உங்கள் ஆட்டக்காரர்கள் தானாகவே எண்ணி எண்ணிச் சுடுவார்கள்.

இன்னும் மூன்று விஷயத்தை விதியில் எழுதிவிடுங்கள். எடை: தோட்டா இல்லாமலே கே11 ஆறு கிலோவைத் தொடும், எம்4 மாதிரி இரண்டு மடங்கு. ஓடும் வேகத்தில் கையை வையுங்கள். கிட்டத்துச் சண்டை: இந்த வகைக் குண்டுகள் குழலை விட்டுச் சில மீட்டர் போன பிறகுதான் வெடிக்கத் தயாராகும், 40 மி.மீ. குண்டில் அது 14 மீட்டருக்கு மேல். அறைக்குள் நின்றுகொண்டு பக்கத்து நாற்காலிக்காரனை அடிக்க முடியாது. போன மாதம் நீங்கள் அடித்தது செல்லாது தம்பி, மன்னிக்கணும். மூன்றாவது, கோளாறு. கொரியாவில் 2011இலும் 2014இலும் குண்டு வெடித்த விபத்துகள், பிறகு குறிகாட்டியில் விரிசல் என்று நொந்துபோய், 2019 டிசம்பரில் திட்டத்தையே கைவிட்டார்கள். எக்ஸ்எம்25இலும் 2013இல் ஒரு சிப்பாய் காயம்பட்டார். பகடையில் ஒன்று விழுந்தால் குறிகாட்டி அணைந்துவிட வேண்டும். இது என் தீர்ப்பு, மேல்முறையீடு கிடையாது.

அம்பத்தூர் நண்பர்: நிஜமாகவே கப்பலில் வந்து இறங்கினால் எந்தத் தலைப்பில் போடுவீர்கள்?

ஆகா, முப்பது வருடமாக யாரும் கேட்காத கேள்வி. சுங்கப் பட்டியலில் 93ஆம் அத்தியாயம் ஆயுதங்களுக்கு. 9301 ராணுவ ஆயுதம். அதற்குள் 9301 20இல் ராக்கெட் லாஞ்சர், கிரனேடு லாஞ்சர் வகையறா. ராணுவ ரைஃபிள் 9301 90இல், "மற்றவை" கணக்கில். இரண்டும் ஒரே உடம்பில் வந்தால் சரக்கை வகைப்படுத்தும் பொது விதிகளில் மூன்றாவதை எடுக்க வேண்டும். எந்தப் பகுதி அந்தச் சரக்குக்கு அதன் சாரத்தைத் தருகிறதோ அதன் பக்கம் போ. அப்படியும் முடிவாகவில்லை என்றால் வரிசையில் கடைசியாக வருவதில் போடு. இன்சாஸ் ரைஃபிளுக்கு அடியில் லாஞ்சர் மாட்டி வந்தால் சாரம் ரைஃபிள்தான், 90. லாஞ்சர் மட்டும் தனிப் பெட்டியில் வந்தால் 20. கே11க்கு? குறிகாட்டி, எடை, காசு எல்லாமே குண்டுக்காகத்தான். நான் 20இல் போடுவேன். என்னோடு வேலை பார்த்த ஒருவர் சாரம் தீர்மானிக்க முடியாது என்று 90க்குப் போவார். அவர் எதிலும் கடைசித் தலைப்பைத்தான் பிடிப்பார்.

ஏற்றுமதி என்றால் கதை வேறு. ஆயுத ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து வைத்திருக்கும் வாஸனார் ஏற்பாட்டில் 2017 டிசம்பரில் இந்தியா சேர்ந்தது; அதன் ஆயுதப் பட்டியலில், உள்ளே புரி வெட்டிய குழல் என்றால் 12.7 மி.மீ. வரை துளை உள்ளவை முதல் பிரிவு, அதற்கு மேல் இரண்டாம் பிரிவு. அங்கே சாரம் தேட வேண்டியதில்லை. பெரிய ஓட்டை எதுவோ அதைத்தான் பார்ப்பார்கள் என்று நினைக்கிறேன்.

தேர்வுக்குப் படிக்கும் அண்ணா நகர் தங்கை: இது சிறு ஆயுதமா, இலகு ஆயுதமா சார்?

நல்ல கேள்விம்மா. ஐ.நா.வின் 2005ஆம் ஆண்டுத் தடமறிதல் ஆவணப்படி (கள்ள ஆயுதம் எங்கிருந்து வந்தது என்று தேடுவதற்கானது), ஒருவர் தனியாகப் பயன்படுத்தும் ரைஃபிள் சிறு ஆயுதம். கையில் பிடிக்கும், ரைஃபிளுக்கு அடியில் மாட்டும் லாஞ்சர்கள் இலகு ஆயுதம். அதனால் இந்த ஒட்டுப்பிறவி இரண்டு பட்டியலிலும் கால் வைத்து நிற்கிறது. தேர்வில் ஒன்றைத்தான் குறிக்க வேண்டும் என்றால் இலகு ஆயுதம் என்று குறியுங்கள்.

ஒரு துணுக்கு: 400 கிராமுக்குக் குறைந்த வெடிக்கும் எறிபொருள் கூடாது என்று 1868லேயே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பிரகடனம் சொன்னது. இந்த 20, 25, 40 மி.மீ. குண்டுகள் எல்லாமே அதைவிட இலேசானவைதான். ஆனால் நாடுகள் கிரனேடுக்கு அதைப் பொருத்திப் பார்ப்பதில்லை.

திருவான்மியூர் சார்: லைசென்ஸ் வாங்கி வைத்துக்கொள்ள முடியுமா?

முடியாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் தொடர்ந்து சுடுவது தடைசெய்யப்பட்ட ஆயுதம். கிரனேடு தடைசெய்யப்பட்ட வெடிபொருள் பட்டியலில் பெயரோடு இருக்கிறது. இரண்டு பக்கமும் கதவு மூடி.

மடிப்பாக்கம் நண்பர்: 2018இல் திருவிடந்தை பாதுகாப்புக் கண்காட்சிக்குப் போனேன். நம்ம ஊரில் இதெல்லாம் செய்கிறார்களா?

அடியில் மாட்டும் வகை உண்டு. 1966இல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை 40 மி.மீ. லாஞ்சர் செய்கிறது. 2021 அக்டோபரில், அரசின் ஆயுதத் தொழிற்சாலைகளை நடத்திவந்த தளவாட வாரியத்தை ஏழு கம்பெனியாகப் பிரித்தபோது அது கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கம்பெனிக்குப் போனது.

விலை கேட்காதீர்கள். ராணுவ ஒப்பந்தத் தொகையை எண்ணிக்கையால் வகுத்து "ஒன்று இவ்வளவு" என்று சொல்வது அரைகுறைக் கணக்கு. 2019இல் 72,400 சிக் சாவர் (SIG Sauer) கம்பெனி ரைஃபிளுக்குச் சுமார் 700 கோடி என்றார்கள். வகுத்தால் ஒன்றுக்கு ஒரு லட்சத்தை ஒட்டி வரும். உதிரிபாகம், பயிற்சி எல்லாம் எந்த ஒப்பந்தத்தில் எவ்வளவு என்று தெரியாமல் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியாது.

மயிலாப்பூர் எழுத்தாளர் அம்மா: என் நாவலில் வில்லன் காசிமேட்டில் இதைக் கள்ளச் சந்தையில் வாங்குகிறான். என்ன விலை போடலாம்?

விலை சொல்ல மாட்டேன் அம்மா, கதைக்கும் அது தேவையில்லை. வாங்கி என்ன செய்வான்? குண்டு தீர்ந்தால் வேறெங்கும் கிடைக்காது. குறிகாட்டி பழுதானால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் சரிபண்ண மாட்டார்கள். ஆறு கிலோ இரும்பைத் தூக்கிக்கொண்டு மீன் கூடைகளுக்கு நடுவே ஓடும் வில்லனை எழுதுங்கள், சிரிப்பாவது வரும்.

பெரம்பூர் அப்பா: பையன் பிறந்தநாளுக்கு இதே மாதிரி ஒரு பொம்மையை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா?

நிஜப் பொம்மை என்றால் 9503இல் போகும், ஆனால் 2021இலிருந்து ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத பொம்மையை நிறுத்திவிடுவார்கள். காற்றழுத்தத்தில் குண்டு தள்ளுவது என்றால் அது பொம்மையே இல்லை, 9304. அசல் மாதிரியே இருக்கும் நகலுக்கும் ஆயுத விதிகள் உண்டு. முனையில் ஆரஞ்சு வண்ணம் அடித்துவிட்டால் ஆச்சு என்று கடைக்காரர் சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். அப்படி நம்பி வந்த பெட்டிகள் எங்கள் கிடங்கில் வருடக்கணக்கில் தூசி படிந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். பையனுக்கு ஒரு கிரிக்கெட் மட்டை வாங்கிக் கொடுங்கள்.