"துக்ளக்" படம் இப்போது பார்த்தாலும் புரியுமா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் கல்லூரியில் படிக்கிறேன். சோவின் "முகமது பின் துக்ளக்" படத்தை அப்பா ரசித்துச் சிரிக்கிறார். அந்தக் கால அரசியல் தெரியாமல் எனக்குப் புரியுமா?

தாராளமாகப் புரியும். 1968-ல் நாடகம், 1971-ல் படம். இரண்டு செய்திகள் தெரிந்தால் போதும். ஒன்று, 1967 தேர்தலுக்குப் பின் வடமாநிலங்களில் எம்.எல்.ஏ.க்கள் சகட்டுமேனிக்குக் கட்சி தாவினார்கள். கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985-ல்தான் வந்தது. அதனால்தான், கதையில் நம் காலத்துக்கு வந்து பிரதமராகும் பழைய டெல்லி சுல்தான் துக்ளக், தாவி வருகிறவர்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி தருகிறார்.

இன்னொன்று மொழிச் சண்டை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் சூடு ஆறாத நேரம். துக்ளக்கோ பாரசீகத்தை ஆட்சிமொழியாக்கிவிடுகிறார்! யாருக்கும் தெரியாத மொழி, ஆக யாருக்கும் பாரபட்சம் இல்லையாம். ஓசூர், கிருஷ்ணகிரிச் சந்தையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கேட்டு வளர்ந்த நமக்கு அந்தக் காட்சி இன்னும் நன்றாக உறைக்கும் என்பது என் எண்ணம்.

கட்டமைப்பு நாடகம்தான், கேமரா அதிகம் நகராது, வசனமே எல்லாம். சோ எந்தக் கட்சியையும் விட்டுவைக்கவில்லை, ஓட்டுப் போடுகிற நம்மையும் சேர்த்து. எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. அப்பாவோடு உட்கார்ந்தே பாருங்கள். எந்த வசனம் யாரைக் குறித்தது என்று அவர் சொல்லிவிடுவார்.