சர்வேயர் வரும்வரை சேற்றுக்குள்ளேயே இருக்க வேண்டுமா?

கேள்வி: முடிச்சூரில் தரைத்தள வீடு எங்களுடையது. மழையில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்று வடிந்திருக்கிறது. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மெத்தை, பீரோ கீழ்த்தட்டுத் துணி எல்லாம் போச்சு. இன்ஷூரன்ஸுக்குப் போன் செய்தால் சேதத்தை மதிப்பிட சர்வேயர் வருவார், எதையும் தொடாதீர்கள் என்கிறார்கள். மாமியாருக்கு ஆஸ்துமா, நாற்றம் தாங்கவில்லை. பில்களும் நனைந்துவிட்டன. என்ன செய்வது?
- வாசகி, முடிச்சூர்

பதில்: மாமியாரை முதலில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் அம்மா. எலெக்ட்ரீஷியன் பார்க்கும்வரை மெயினைப் போட வேண்டாம். சேற்றிலேயே கிடக்க வேண்டும் என்று எந்த பாலிசியும் கேட்பதில்லை, சேதம் கூடாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்புதான். போனில் சொன்னதோடு நிறுத்தாமல், 'வீட்டில் நோயாளி இருக்கிறார், நாளை காலை சுத்தம் செய்யப்போகிறோம், அதற்குள் ஆளை அனுப்புங்கள் அல்லது வீடியோ காலில் பாருங்கள்' என்று கிளெய்ம் எண்ணைப் போட்டு இன்றே ஒரு மெயில் அனுப்புங்கள். அந்த மெயில் பின்னால் உங்களுக்குப் பெரிய பலம்.

கழுவுவதற்கு முன்னால் வீடியோ எடுங்கள். தெருவில் ஆரம்பித்து, கதவு எண், வாசல், ஹால், ஒவ்வொரு அறை என்று எங்கும் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாகப் போக வேண்டும், நடந்துகொண்டே என்ன பொருள், எப்போது வாங்கியது என்று வாயால் சொல்லிக்கொண்டே வாருங்கள்.

அப்புறம் சுவர். தண்ணீர் நின்ற உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு இருக்கும். கழுவினால் முதலில் போவது அதுதான், ஆனால் உங்கள் கிளெய்ம் முழுக்க நிற்பதும் அதன் மேல்தான். டேப்பைத் தரையில் ஊன்றி, கோட்டுக்குப் பக்கத்தில் எண் தெரியும்படி கிட்டத்தில் ஒரு படம், பிறகு அதே கோட்டோடு ஃபிரிட்ஜும் சேர்ந்து தெரிகிற மாதிரி தள்ளி நின்று ஒரு படம் எடுங்கள். முழங்கால் தண்ணீரில் ஃபிரிட்ஜ் எப்படிப் போகும் என்று கேட்பார்கள். கம்ப்ரஸர் பின்பக்கம் அடியில் இருக்கிறது, அந்த அளவு தண்ணீரே அதற்குப் போதும், அதையும் படமெடுத்து வையுங்கள். அதே கோடுதான் சுவரில் மாட்டிய டிவியை ஏன் சேர்த்தீர்கள் என்றும் கேட்கும், அதனால் நனையாத பொருளைப் பட்டியலில் எழுதவே எழுதாதீர்கள். ஒரு பொய் தெரிந்தால் உண்மையான இழப்புக்கும் பணம் வராமல் போகலாம்.

மெஷின்களில் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் உள்ள ஸ்டிக்கர் இருக்கும், சேற்றை ஈரத்துணியால் மெதுவாக ஒற்றி எடுத்துவிட்டுப் படம் பிடியுங்கள். மெத்தையை வெளியே போட்டே ஆக வேண்டுமென்றால் முழுதாக ஒரு படம் எடுத்து, உறையோடு ஒரு துண்டு வெட்டி வையுங்கள். ஃபிரிட்ஜையும் வாஷிங் மெஷினையும் மட்டும் சர்வேயர் பார்க்கும்வரை காயலான் கடைக்குப் போடக்கூடாது, மொட்டை மாடியிலோ திண்ணையிலோ கிடக்கட்டும். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தெருத்தெருவாகக் குவிந்து கிடந்த மெத்தைகளையும் கட்டில்களையும் பார்த்திருப்பீர்கள், லாரி அள்ளிக்கொண்டு போன பிறகு அதில் எது யாருடையது என்று எப்படிக் காட்டுவது?

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேர விவரமும் போய்விடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள், அசலைப் போனிலிருந்து அழிக்காதீர்கள்.

நனைந்த பில்லை உரிக்க வேண்டாம், செய்தித்தாளுக்கு நடுவில் வைத்துக் காயவிடுங்கள். எழுத்தே போயிருந்தாலும் வழி உண்டு. பெரிய கடைகளில் போன் எண்ணைச் சொன்னால் பழைய பில்லை எடுத்துத் தருவார்கள், ஆன்லைனில் வாங்கியது ஆர்டர் பட்டியலில் இருக்கும், கார்டு ஸ்டேட்மெண்ட், இஎம்ஐ மெசேஜ், பிறந்தநாள் போட்டோவில் பின்னால் தெரிகிற ஃபிரிட்ஜ்கூட உதவும். சர்வீஸ்காரரிடம் லெட்டர்பேடில், சீரியல் எண்ணோடு, 'தண்ணீர் புகுந்ததால் பழுது' என்று காரணத்தையும் எழுதி வாங்குங்கள். வெறும் தொகை மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு எடுபடாது.

சர்வேயர் வந்தால் பட்டியலை இரண்டு பிரதி வைத்து ஒன்றில் கையெழுத்து வாங்குங்கள். கீழே 'பிறகு தெரியவரும் சேதம் தனியாகத் தரப்படும்' என்று கட்டாயம் ஒரு வரி எழுதுங்கள். கதவு உப்புவதும், கிச்சன் அலமாரியின் லேமினேட் உரிவதும், பெயின்ட் கொப்பளிப்பதும் பல நாள் கழித்துத்தான் தெரியும், அப்போது அதே இடத்தில் நின்று மறுபடி படமெடுத்து அனுப்புங்கள். 'முழுமையான இறுதித் தொகை' என்ற தாளில் தொகையை நிரப்பாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

குறைத்துத் தந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்துக்குப் புகார் கொடுத்து ஒரு மாதமாகியும் சரியான பதில் இல்லையென்றால் சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் (இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரி) போகலாம், கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

கேள்வி: வீட்டுக் கடன் வாங்கியபோது வங்கியே இன்ஷூரன்ஸ் போட்டது. அதில் சாமான்களும் சேருமா?
- வாசகர், கடலூர்

பதில்: எந்த இன்ஷூரன்ஸ் என்று முதலில் பாருங்கள். கடனோடு போட்டது உங்கள் உயிருக்கான பாலிசியாக இருக்கலாம், அதில் வீட்டுக்கு ஒன்றும் கிடையாது. வீட்டு பாலிசிதான் என்றாலும் பலவற்றில் கட்டடம் மட்டுமே இருக்கும். 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் தருகிற 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற வீட்டு பாலிசியில் வெள்ளமும் புயலும் அடங்கும். கட்டடத்தோடு சாமானுக்கும் எடுத்திருந்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, தனிப் பட்டியல் கொடுக்காமலே சேரும், அதாவது கட்டடம் 30 லட்சம் என்றால் சாமானுக்கு 6 லட்சம். நகைக்கு மட்டும் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். பாலிசி நகலை வங்கியில் எழுதிக் கொடுத்து வாங்குங்கள், மழைக்காலம் தொடங்குவதற்குள்.