முன் சீட்டில் டிபன் கேரியர்

கேள்வி: வயது 36. ரங்கூனில் இருக்கிறேன். 2008ஆம் வருட டொயோட்டா ப்ரோபாக்ஸ் வேன் வைத்திருக்கிறேன். சில மாதமாக டாஷ்போர்டின் இடப்பக்கம் ஒரே சத்தம். வெயில் ஏறினால் கிரீச் கிரீச், பள்ளத்தில் இறங்கினால் டகடக. பட்டறையில் டாஷ்போர்டையே கழற்றணும் என்கிறார்கள். கூலியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. தேங்காய் எண்ணெய் விட்டேன், இடுக்கில் பேப்பர் மடித்துச் செருகினேன். இரண்டு நாள் அடங்கி மறுபடி ஆரம்பித்துவிட்டது. அப்பா முன்னால் உட்கார்ந்து வந்தவரை இந்தத் தொல்லை கிடையாது. ஓட்டவே தெரியாதவர், டாஷ்போர்டில் கையை ஊன்றிக்கொண்டு ‘மெதுவா, மெதுவா’ என்று தொணதொணப்பதால் அவரைப் பின் சீட்டுக்கு மாற்றிவிட்டேன். இப்போது முன் சீட்டில் என் பையும் டிபன் கேரியரும்தான். வீட்டிலேயே சத்தத்தைச் சரிசெய்ய வழி உண்டா?
— சிரியம் பாலத்தைத் தினமும் கடக்கும் வாசகர்

பதில்: தம்பி, டாஷ்போர்டு சத்தத்துக்கு மருந்து கேட்டு அடிக்கடி கடிதம் வருகிறது. மருந்து இருக்கிறது, சொல்கிறேன். முதலில் நீயே எழுதிவிட்டுக் கவனிக்காமல் தாண்டிப்போன வரியைத் திரும்பப் படி. அப்பா முன்னால் இருந்தவரை சத்தம் இல்லை. கையை ஊன்றிக்கொள்வார்.

உன் டாஷ்போர்டை அத்தனை நாளும் பிடித்துக்கொண்டிருந்தது அந்தக் கைதான். அவர் உள்ளங்கை பட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளிப் தளர்ந்திருக்கிறது, அல்லது இரண்டு பிளாஸ்டிக் விளிம்பு உரசிக்கொள்கிறது. பட்டறைக்காரர் எல்லாவற்றையும் கழற்றிப்போட்டுத் தேட வேண்டியதை அப்பா உட்கார்ந்தபடியே காட்டிக்கொடுத்திருக்கிறார். நீ அவரைப் பின்னால் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கேரியரை உட்கார்த்தி வைத்திருக்கிறாய். அது தன் பங்குக்கு வேறு சத்தம் போடும்.

ஓட்டவே தெரியாதவராம்! ஓட்டத் தெரியாவிட்டால் என்ன, கண் தெரியாதா? 1970இல் இந்த நாட்டில் இடப்பக்கம் ஓடிய வண்டிகளை வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். ஸ்டியரிங் மட்டும் ஜப்பானின் பழைய வண்டிகளோடு வலப்பக்கமாகவே வந்து இறங்கிக்கொண்டிருந்தது. உன் ப்ரோபாக்ஸும் அந்த ஜாதிதான். நீ உட்கார்ந்திருப்பது சாலையோரத்துப் பக்கம். முன்னால் ஒரு லாரி போனால், அதற்கு அந்தப்பக்கம் எதிரே என்ன வருகிறது என்பது உனக்குத் தெரியாது. இடது சீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். முன்பெல்லாம் இங்கே லைன் பஸ்ஸில் ‘ஸ்பேர்’ என்கிற உதவியாள் பையன் தலையை வெளியே நீட்டிக் குரல் கொடுப்பானே, அந்த வேலையை உனக்கு அப்பா சம்பளம் இல்லாமல் பார்த்திருக்கிறார். எதிரே வருவதைப் பார்த்துவிட்டுத்தான் ‘மெதுவா’ என்றிருக்கிறார். அவர் கை தானாகவா டாஷ்போர்டுக்குப் போயிற்று? நீ ஆக்சிலேட்டரை மிதித்த மிதியில் போயிருக்கிறது.

பெரியவர் கூட வந்தால் முன் சீட் அவருக்கு. எனக்கு இதில் இரண்டாவது பேச்சு கிடையாது. ப்ரோபாக்ஸ் வேனின் பின் சீட்டைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? சரக்கு ஏற்ற மடித்துப்போடுவதற்காக மெலிசாகச் செய்த பலகை அது. உன்னைப் பெற்றவரை அதில் உட்கார வைத்துவிட்டு டாஷ்போர்டு கிரீச்சிடுகிறது என்று எனக்குக் கடிதம் எழுதுகிறாய்.

சரி, வேலைக்கு வா. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை முழுக்கக் காலி செய். கதவுப் பையில் கிடக்கும் சில்லறை, கிளவ் பாக்ஸில் உள்ள காகிதக் கட்டு, டாஷ்போர்டு மேல் முனீஸ்வரர் படம் வைத்திருந்தால் அது, கண்ணாடியில் தொங்கும் காய்ந்த மல்லிகைச் சரம், எதையும் விடாதே. என் மருமகன் இரண்டு நாள் டாஷ்போர்டோடு மல்லுக்கட்டினார்; கடைசியில் பார்த்தால் முன் கண்ணாடிக்கு அடியில் காற்று வரும் துவாரத்தில் ஒரு பேனா மூடி. அப்புறம் அப்பாவை முன்னால் உட்கார வை. ஏசியையும் ரேடியோவையும் நிறுத்திவிட்டு, குண்டும் குழியுமான ஒரு தெருவில் நடக்கிற வேகத்தில் ஓட்டு. கிளவ் பாக்ஸ் மூடி, ஓரத்துக் காற்றுத் துவாரம், கதவை ஒட்டிய பிளாஸ்டிக் என்று ஒவ்வொன்றாக அவர் விரலால் அழுத்தட்டும். எதை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அங்கே ஒரு துண்டு காகித டேப். இடது மேல்பக்கம் ஏர்பேக் மூடி இருந்தால் அதில் மட்டும் ஓடும்போது கை வைக்கக்கூடாது. நிறுத்திவைத்து அழுத்திப் பார்த்தால் போதும்.

பெரும்பாலும் கிளவ் பாக்ஸில்தான் போய் முடியும். அதன் இரண்டு பக்கமும் உள்ள சின்ன ரப்பர் கட்டைகள் தேய்ந்தோ விழுந்தோ போயிருக்கும். புதிதாக ஒட்டு. தாழ்ப்பாள் போய் மாட்டும் கொக்கியில் ஒரு சுற்று துணி டேப். மூடியை இறக்கி உள்ளே பார்த்தால் ஒயர் கட்டு ஒன்று தொங்கிக்கொண்டு பிளாஸ்டிக்கில் மோதும். டகடக அதுவாக இருக்கலாம். அதில் ஸ்பாஞ்ச் பட்டை சுற்றி பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டு.

கிரீச் வேறு விஷயம். வெயிலில் பிளாஸ்டிக் விரியும். விளிம்புகள் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு, பிறகு சறுக்கும். அந்தச் சறுக்கல்தான் சத்தம். இடையில் மெல்லிய ஃபெல்ட் டேப் ஒட்டினால் அடங்கும். எண்ணெய் உதவாது, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நீ செருகிய பேப்பரை இன்றைக்கே பிடுங்கு. மழைக்காலத்தில் ஊறிப்போய் ஒயர் பக்கத்தில் கிடக்கும்.

விளிம்பைத் தூக்க ஸ்க்ரூடிரைவர் எடுக்காதே, வடு விழும். துணி சுற்றிய பிளாஸ்டிக் ஸ்கேல் போதும். வண்டி வெயிலில் நின்று சூடான பிறகு தூக்கினால் பிளாஸ்டிக் வளைந்துகொடுக்கும். குளிர்ந்த காலையில் பழைய கிளிப் பட்டென்று உடையும். கழற்றும் முன் பேட்டரியின் மைனஸ் முனையை எடுத்துவிட்டுச் சில நிமிடம் காத்திரு. மஞ்சள் இணைப்பு எதையாவது கண்டால் அது ஏர்பேக் ஒயர், தொடாமல் மூடிவிடு. சத்தம் ஏர்பேக் மூடியிலிருந்தே வந்தால் டேப்பும் பசையும் வேண்டாம், தெரிந்த ஆளிடம் கொடு. அதற்கு ஆகும் காசு ஆகட்டும்.

ஏர்பேக் மேல் கை ஊன்றியிருக்கும்போது அது வெடித்தால் அப்பாவின் கை முறியும். அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு வருகிற மாதிரி ஓட்டு.

கேரியருக்கு ஒரு துண்டைச் சுற்றிப் பின் சீட்டுக்கு முன்னால் தரையில் வை.