மூன்றாம் வகுப்பு நோட்டைப் புரட்டிப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு வரும் மே மாதம் ஐந்து வயது முடிகிறது. ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. ஆனால் அங்கே மொத்தமே 34 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். ஒன்று முதல் மூன்று வரை எல்லா வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைக்கிறார்கள். உறவினர்கள் எல்லாரும் 6 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தனியார் பள்ளியைச் சொல்கிறார்கள். அங்கே 25 சதவீத இலவச இடம் வாங்கித் தருவதாக ஒருவர் 15,000 ரூபாய் கேட்கிறார். நான் பத்தாவது வரை படித்தவள். ஓர் அரசுப் பள்ளி நல்ல பள்ளியா இல்லையா என்று என்னைப் போன்றவள் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர் பதில் அளிக்கிறார்:

அம்மா, அந்த 15,000 ரூபாயை முதலில் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். பள்ளியைப் பற்றிப் பிறகு பேசலாம், இது அவசரம். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் ஒதுக்கும் 25 சதவீத இடத்துக்கு, நம் மாநிலத்தில் வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் உள்ள பள்ளிக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். உங்களுக்கும் அந்தப் பள்ளிக்கும் நடுவே 6 கிலோமீட்டர் கிடக்கிறது. அது மட்டுமல்ல. அந்த இடங்கள் பள்ளியின் தொடக்க வகுப்புக்கு மட்டுமே உரியவை. எல்.கே.ஜி. நடத்தும் பள்ளி என்றால் எல்.கே.ஜி.யில்தான் ஒதுக்கீடு. ஒன்றாம் வகுப்பில் புதிதாக நுழைய வழியே இல்லை. விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல் போடுவார்கள். இதில் அந்த மனிதர் உங்களுக்குச் செய்து தருவதற்கு என்ன இருக்கிறது?

இவர்களுடைய தொழில் எனக்கு நன்றாகத் தெரியும். இருபது குடும்பத்திடம் வாங்குவார்கள். குலுக்கலில் தானாக இடம் விழுந்த நான்கு பேரிடம் "நான் சொன்னேன் அல்லவா" என்பார்கள். மற்றவர்களிடம் "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்பார்கள். நான் வேலை பார்த்த ஊரில் ஒரு தாய், சங்கிலியை அடகு வைத்து இப்படிப் பணம் கொடுத்தார். ஜூன் போயிற்று, ஜூலை போயிற்று. ஆகஸ்டில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு என் பள்ளி வாசலில் வந்து நின்றார். அந்தப் பிள்ளை இழந்த இரண்டு மாதத்தை யார் திருப்பித் தருவார்கள்? எதிர்ப்பக்கத்துப் பொய் ஒன்றும் உலவுகிறது: ஒன்றாம் வகுப்பிலேயே அரசுப் பள்ளியில் சேர்க்காவிட்டால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு போய்விடும் என்று. அதற்குக் கணக்கில் எடுப்பது ஆறாம் வகுப்பிலிருந்துதான். பயமுறுத்திப் பிள்ளை சேர்ப்பது யார் செய்தாலும் தவறு.

இனி உங்கள் கவலைக்கு வருகிறேன். 34 பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர் என்பது குறைபாடு இல்லை. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு. உங்கள் ஊரில் ஓர் ஆசிரியருக்கு 17 பிள்ளைகள். அந்தத் தனியார் பள்ளியில் ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று போய்க் கேளுங்கள். அந்த எண்ணிக்கை 17ஐவிடப் பெரியதாக இருந்தால், உங்கள் மகளின் பெயர் ஆசிரியர் நினைவில் பதியவே எத்தனை நாள் ஆகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஒரே அறையில் மூன்று வகுப்பு இருப்பதும் புதிய கூத்தல்ல. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புகளுக்காகத்தான் வந்தது. அதில் பிள்ளைகளை வயதைப் பார்த்துப் பிரிப்பதில்லை. எழுத்தைக் கற்கும் நிலையில் இருப்பவர்கள் அரும்பு, அடுத்தவர்கள் மொட்டு, அதற்கு மேல் மலர். நன்றாக நடத்தினால் ஐந்து வயதுப் பிள்ளை எட்டு வயதுப் பிள்ளையிடம் காதால் கேட்டே பாதி கற்றுக்கொள்ளும். என் பள்ளியில் அக்காவின் வாய்ப்பாட்டைத் தம்பி சொல்லுவான். மோசமாக நடத்தினால் மூன்று வகுப்பும் ஒன்றையும் கற்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது "ஏன் ஒரே அறை" என்பதை அல்ல. அந்த அறையில் என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். இதில்தான் பெற்றோர் அதிகம் ஏமாறுகிறார்கள். தாளில் இரண்டு ஆசிரியர் இருக்கும் பல பள்ளிகள், தரையில் ஓராசிரியர் பள்ளிகள். ஒருவர் மாற்றுப் பணியில் வேறு பள்ளிக்குப் போயிருப்பார். அல்லது நீண்ட விடுப்பில் இருப்பார், அவர் இடத்துக்கு ஆள் வந்திருக்காது. அல்லது மாறுதல் வாங்கிப் போய்விட்டார், இடம் காலியாகவே கிடக்கிறது. இருவரும் இருக்கும் பள்ளியிலும் ஒருவர் பயிற்சிக்குப் போவார். மற்றவர்தான் தலைமை ஆசிரியர். அவர் காலையில் வருகைப் பதிவைக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏற்ற வேண்டும், சத்துணவுக் கணக்கு, சீருடைக் கணக்கு, புத்தகக் கணக்கு எழுத வேண்டும், வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து "ஒரு மணி நேரத்துக்குள் அனுப்பவும்" என்று வரும் படிவத்தை நிரப்ப வேண்டும். பாடம் எப்போது நடத்துவார்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். அனுப்புவதை நிறுத்தினார்கள், உண்மைதான். அவரைப் பள்ளியிலேயே உட்கார வைத்து எழுத்தர் ஆக்கிவிட்டார்கள். ஒரே புள்ளிவிவரத்தை ஒரே மாதத்தில் நான்கு வடிவில் கேட்பவர்களுக்கு, அந்த நேரம் ஐந்து வயதுப் பிள்ளையின் நேரம் என்று ஏன் தோன்றுவதில்லை? முப்பது ஆண்டுகளாக இதைக் கேட்டு அலுத்துவிட்டேன்.

இதைக் கண்டறிய ஒரே வழி, மூன்று வெவ்வேறு நாளில் போய்ப் பார்ப்பதுதான். வாரத்தின் நடுவில் போங்கள். ஆண்டு விழா, குடியரசு தினம், அதிகாரி வரும் நாள் எதுவும் வேண்டாம். முற்பகல் பதினொரு மணி வாக்கில் போனால் வகுப்பு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மூன்று முறையும் இரண்டு ஆசிரியரையும் வகுப்பில் பார்த்தீர்கள் என்றால் மனம் நிம்மதி அடையலாம். ஒரு முறை ஒருவர் இல்லை என்றால் பெரிதுபடுத்த வேண்டாம், அவருக்கும் காய்ச்சல் வரும். மூன்று முறையும் ஒருவர்தான் என்றால், சத்துணவு சமைக்கும் அம்மாவிடம் மெதுவாகக் கேளுங்கள், "அந்த டீச்சர் எப்போதிலிருந்து வரவில்லை" என்று. பள்ளியின் உண்மை நிலவரம் அலுவலகத்தைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்தது நோட்டு. எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். தலைமை ஆசிரியரிடம், "மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் தமிழ் நோட்டும் கணக்கு நோட்டும் கொஞ்சம் பார்க்கலாமா" என்று மரியாதையாகக் கேளுங்கள். அவர் ஒன்றை எடுத்துக் கொடுப்பார், அது முதல் பிள்ளையின் நோட்டு. நன்றி சொல்லிவிட்டு, அடியில் இருப்பதில் இரண்டைக் கேளுங்கள். பார்க்க வேண்டியது மூன்றே விஷயம். தேதி இருக்கிறதா? ஜூலையில் பத்துப் பக்கம், பிறகு ஒரேயடியாக ஜனவரி என்றால் நடுவில் பள்ளி தூங்கியிருக்கிறது. ஆசிரியர் பிழையைத் திருத்தியிருக்கிறாரா? பக்கத்துக்கு ஒரு சிவப்புக் குறி போட்டுக் கையெழுத்து மட்டும் இருந்தால் அவர் படிக்கவில்லை. "பளம்" என்று எழுதியதை அடித்துப் "பழம்" என்று எழுதி, கீழே பிள்ளையும் அதை மறுபடி எழுதியிருந்தால், அங்கே ஓர் ஆசிரியர் இருக்கிறார். மூன்றாவது, எல்லா நோட்டிலும் ஒரே வாக்கியம் இருக்கிறதா, பிள்ளை சொந்தமாக எழுதியது ஏதாவது இருக்கிறதா? "எங்க ஆடு குட்டி போட்டது" என்று கோணல் எழுத்தில் ஒரு வரி இருந்தால் போதும். கரும்பலகையைப் பார்த்து அச்சடித்தாற்போல் எழுதிய பத்து நோட்டைவிட அந்த ஒரு வரி எனக்குப் பெரிது.

பிறகு ஒரு பிள்ளையைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், பத்தாவது தாராளம். இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை நடுவில் திறந்து, மூன்றாம் அல்லது நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருவரிடம் நீட்டுங்கள். நாடு முழுவதும் ஊரகப் பிள்ளைகளின் கற்றலை அளக்கும் அசர் ஆய்விலும் இரண்டாம் வகுப்பு நிலையில் ஒரு சிறு கதையைப் படிக்கச் சொல்கிறார்கள். படித்து முடித்ததும், "இதில் யார் என்ன செய்தார்கள்" என்று கேளுங்கள். எழுத்துக் கூட்டாமல் படித்து, கதையையும் சொல்லிவிட்டால் நல்லது. கணக்குக்கு 41இல் 17 போனால் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். 24 வந்தால் பிள்ளைக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறது. 36 என்று எழுதினால், ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழித்துவிட்டது, கழித்தலின் பொருளை யாரும் சொல்லித் தரவில்லை. ஆசிரியர் அழைத்து வரும் பிள்ளையிடம் கேட்காதீர்கள். பிற்பகல் பள்ளி விட்டதும் தெருவில் விளையாடும் பிள்ளைகளிடம் கேட்டால் இன்னும் நல்லது. அச்சுறுத்தும் குரலில் கேட்காதீர்கள், தப்பாகச் சொன்னால் திட்டாதீர்கள்.

வகுப்பில் மிகவும் பின்தங்கிய பிள்ளையைப் பற்றி ஆசிரியரிடம் கேளுங்கள். "மூன்றாம் வகுப்பில் இன்னும் அரும்பில் இருப்பது யார்?" என்ற ஒரே கேள்வி. பெயர் சொல்லி, "அவன் அப்பா கரும்பு வெட்டப் போவார், இவனும் கூடப் போய்விடுவான், இப்போது உயிர்மெய் வரை வந்துவிட்டான்" என்று சொல்லும் ஆசிரியர் கிடைத்தால், கட்டடம் ஒழுகினாலும் சேர்த்துவிடுங்கள். "அப்படி யாரும் இல்லை, எல்லாரும் மலர்தான்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். கைக்கணினியில் எல்லாப் பிள்ளைக்கும் பச்சைக் குறி விழுந்தால் மேலே இருப்பவர்கள் மகிழ்கிறார்கள் என்பதற்காக, கற்காத பிள்ளையைக் கற்ற பிள்ளையாகக் காட்டும் பழக்கம் பரவிவிட்டது. அதைப் போல் ஒரு பிள்ளைக்குச் செய்யும் கெடுதி வேறு இல்லை.

கழிப்பறையைப் பாருங்கள். சுத்தமாக இருந்து பூட்டியிருந்தால் அது பிள்ளைகளுக்காகக் கட்டியதில்லை. குடிநீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். காலை உணவு நேரத்தில் ஒரு முறை எட்டிப் பாருங்கள், பெரியவர் யாராவது பிள்ளைகளோடு இருக்கிறார்களா என்று.

திறன் வகுப்பறைத் திரை, சுவர் ஓவியம், அலமாரி நிறையக் கோப்பை, ஆங்கிலப் பாட்டு ஒப்பித்தல் ஆகியவற்றுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. ஆங்கில வழிப் பிரிவு என்று பலகை இருந்தால் அங்கேயும் அதே நோட்டுச் சோதனைதான். உங்கள் உறவினர் சொல்லும் தனியார் பள்ளிக்கும் இதே சோதனையை வைத்துப் பாருங்கள். நோட்டைக் காட்ட அங்கே எத்தனை பேர் சம்மதிக்கிறார்கள் என்பதும் ஒரு விடைதான்.

இரண்டாவது ஆசிரியர் தாளில்தான் இருக்கிறார் என்று தெரிந்தால் உடனே வேனைத் தேடாதீர்கள். ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். உறுப்பினர் ஒருவரின் வீட்டுக்குப் போய், கடைசியாக எப்போது கூட்டம் நடந்தது, என்ன பேசினார்கள் என்று கேளுங்கள். "வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிப் போனார்கள்" என்றால் அந்தக் குழு செத்துவிட்டது, அதை நீங்கள்தான் எழுப்ப வேண்டும். பத்துத் தாய்மார் கையெழுத்திட்டு, இத்தனை நாளாக ஆசிரியர் இல்லை என்று தேதியோடு குழுத் தீர்மானம் எழுதி வட்டாரக் கல்வி அலுவலருக்கும் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் அனுப்புங்கள். ஒரு தலைமை ஆசிரியர் பத்து முறை எழுதினால் நகராத கோப்பு, தாய்மார் நேரில் போய் உட்கார்ந்தால் நகரும். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சேர்க்கைக்கு எல்.கே.ஜி. படித்திருக்க வேண்டியதில்லை. ஐந்து வயது முடிந்தால் போதும். பிள்ளைக்குத் தேர்வு வைத்துச் சேர்ப்பது சட்டப்படி குற்றம். பிறப்புச் சான்றிதழ் கைக்கு வரவில்லை என்றாலும் மறுக்க முடியாது. சில ஆண்டுகளாக மார்ச்சிலேயே சேர்க்கை தொடங்கிவிடுகிறது. ஆகவே கோடை விடுமுறைக்கு முன்பே, வகுப்புகள் நடக்கும்போதே போய்ப் பார்த்துவிடுங்கள். மூன்று முறையில் ஒரு முறையாவது மகளையும் கூட்டிச் செல்லுங்கள். அந்த ஆசிரியர் அவளிடம் பெயர் கேட்கும்போது நாற்காலியில் இருந்தபடியே கேட்கிறாரா, எழுந்து வந்து குனிந்து கேட்கிறாரா என்று கவனியுங்கள்.