மொட்டக் கடுதாசி வந்தா கட்டுரைய தூக்கிடலாமா?

கேள்வி: நான் திருமங்கலம் பக்கம் ஒரு காலேஜ்ல அசிஸ்டென்ட் புரொபசர். எங்க காலேஜ் ரிசர்ச் ஜர்னலுக்கு இந்த வருஷம் என்னைய எடிட்டரா போட்டுட்டாங்க. போன மாசம் பேரு இல்லாம ஒரு மெயில் வந்துச்சு. 2 வருஷத்துக்கு முன்னாடி நாங்க போட்ட உசிலம்பட்டி கிணத்துத் தண்ணி கட்டுரையில இருக்குற 3-வது டேபிள், ஆந்திராவுல அதுக்கு முன்னாடியே வந்த ஒரு பேப்பர்ல அப்படியே இருக்குன்னு ரெண்டு பிடிஎஃப்பையும் சேத்து அனுப்பிருக்காங்க. கட்டுரை எழுதுனது ஒரு ஸ்காலரும் அவங்க கைடும். கைடு எங்க ஹெச்ஓடிக்கு ரொம்ப வேண்டியவர். ஹெச்ஓடிகிட்ட காமிச்சா, "எவனோ வயித்தெரிச்சல்ல போடுறான், வெப்சைட்ல இருந்து சத்தமில்லாம தூக்கிட்டு வேலயப் பாரும்மா"ங்கிறாரு. தூக்கிடலாமா சார்?
– பெயர் வேண்டாம், திருமங்கலம்

பதில்: தூக்காதீங்கம்மா. இருக்குற வழியிலயே மோசமான வழி அதுதான். கட்டுரை வந்து 2 வருஷம் ஆச்சு, இதுக்குள்ள எந்தப் புள்ளயோ அத டவுன்லோட் பண்ணி தன் தீசிஸ்ல ரெஃபரன்ஸ் போட்டிருக்கும், நீங்க தூக்குனா லிங்க் மட்டும்தான் செத்துப்போகும், அந்த நம்பரெல்லாம் ஊர் சுத்திக்கிட்டேதான் இருக்கும், அது தப்புன்னு சொல்றதுக்கு ஒரு இடம்கூட மிஞ்சாது. நாளைக்கே அந்த மெயில் போட்ட ஆளு "நான் சொன்னதும் மறைச்சுட்டாங்க"ன்னு ஸ்கிரீன்ஷாட்டோட வந்து நின்னா மாட்டப்போறது ஹெச்ஓடி இல்ல, எடிட்டர்னு பேரு போட்டிருக்குற நீங்க.

மொட்டக் கடுதாசிங்கிறதால குப்பையில போடலாமான்னா, அதுவும் கூடாது. நம்ம பக்கத்துக் காலேஜ்கள்ல ப்ரமோஷன் நேரத்துல மொட்டக் கடுதாசி வராம இருந்தாதான் அதிசயம். அனுப்புனவரு வயித்தெரிச்சல்காரராவே இருக்கட்டும், ரெண்டு டேபிளும் ஒண்ணா இல்லையாங்கிறது அவரு வயித்தப் பொறுத்தது இல்லையே. 1997-ல இங்கிலாந்துல மெடிக்கல் ஜர்னல் எடிட்டர்கள் சில பேர் சேந்து ஆரம்பிச்ச கமிட்டி ஆன் பப்ளிகேஷன் எத்திக்ஸ், சுருக்கமா கோப்-ம்பாங்க, அவங்க வழிமுறையும் இதான்: புகார் குறிப்பா ஆதாரத்தோட இருந்தா பேரு இல்லாட்டியும் பாக்கணும், அனுப்புனது யாருன்னு தோண்டக் கூடாது. அவங்க ஃப்ளோசார்ட்லாம் சைட்ல ஃப்ரீயாவே கெடைக்குது, ஒரு தடவ படிச்சுருங்க. அந்த மெயிலுக்கு இன்னைக்கே "கெடைச்சுது, பாக்குறோம்"னு ஒரு வரி போட்டுருங்க. ஒரு மாசம் ஆகிப்போச்சு.

அப்புறம் ரெண்டு பிடிஎஃப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு நீங்களே உக்காந்து பாருங்க. யாராச்சும் சாஃப்ட்வேர்ல போட்டு "சிமிலாரிட்டி 8 பர்சன்ட்தான், ஒண்ணுமில்ல"ம்பாங்க, கேக்காதீங்க, அந்த பர்சன்ட் வாக்கியம் ஒண்ணா இருக்கான்னு சொல்லும், டேபிள்ல இருக்குற நம்பர் நெசமா அளந்ததான்னு அதுக்கு எப்படித் தெரியும். கிணத்துத் தண்ணின்னா பிஹெச் பெரும்பாலும் 7-லருந்து 8-க்குள்ளதான் நிக்கும், அது நாலஞ்சு கிணத்துல ஒத்துப்போறது பெரிய விஷயமில்ல. டிடிஎஸ் (தண்ணியில கரைஞ்சிருக்குற உப்பு அளவு), ஹார்ட்னஸ், குளோரைடு, ஃப்ளோரைடு எல்லாமே அதே வரிசையில புள்ளிக்கு அப்புறம் உள்ள நம்பர் வரைக்கும் ஒத்துப்போச்சுன்னா, உசிலம்பட்டித் தண்ணியும் ஆந்திராத் தண்ணியும் அப்படி ஒத்துப்போகாது. தப்பையும் தேடுங்க. அங்க சராசரிய தப்பா போட்டிருந்து இங்கயும் அதே தப்பு இருந்துச்சுன்னா அதவிட பெரிய ஆதாரம் வேணாம்.

அதுக்காக உடனே திருட்டுப் பட்டம் கட்டிறாதீங்க. விசாரிக்காம தீர்ப்பு சொன்னா என்ன ஆகும்னு மதுரக்காரங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல. மாதிரிக்கு வெச்சிருந்த பழைய டேபிள் ஃபைனல் காப்பியில மாத்தாமப் போறதும் நடக்குறதுதான், அப்படின்னா ஒரிஜினல் ரீடிங்க வாங்கிப் பாத்து சரியா இருந்தா ஒரு திருத்தம் போட்டு முடிச்சிரலாம். அதனால கட்டுரை எழுதுனவங்களுக்குப் போடுற மெயில்ல குத்தம் சாட்டாம கேள்வியா மட்டும் கேளுங்க: உங்க 3-வது டேபிளும் இந்தப் பேப்பர் டேபிளும் ஒண்ணா இருக்கு, காரணம் சொல்லுங்க, லேப் நோட்டு, சாம்பிள் எடுத்த தேதி, ரீடிங் எல்லாம் 3 வாரத்துக்குள்ள அனுப்புங்க. புகார் மெயில அப்படியே ஃபார்வேர்டு பண்ணிறாதீங்க, எழுதுன தோரணைய வெச்சே ஆளக் கண்டுபுடிச்சிருவாங்க.

உங்க ஹெச்ஓடி இதுல தலையிடவே கூடாது. கைடு அவருக்கு வேண்டியவர்ங்கிறது ஊருக்கே தெரியுமாம், அப்ப அவரு நியாயமாவே சொன்னாலும் எவன் நம்புவான்? எடிட்டோரியல் போர்டுல வெளிக் காலேஜ் ஆளு ஒருத்தர் இருப்பாரு, பேருக்குத்தான் போட்டிருப்பீங்க, இப்பவாச்சும் அவரக் கூப்புட்டு உக்கார வைங்க. "தூக்கிரு"ன்னு ஹெச்ஓடி மறுபடி சொன்னா மெயில்ல குடுங்க சார்னு மரியாதையா கேளுங்க, முக்காவாசிப் பேரு அதோட விட்டுருவாங்க.

பதில் வரல, இல்ல மழுப்பலா வருதுன்னா அவங்க காலேஜுக்கு எழுதுங்க. யுஜிசி 2018-ல போட்ட ரெகுலேஷன்படி காப்பியடிச்ச புகார விசாரிக்க டிபார்ட்மென்ட் அளவுல ஒண்ணு, காலேஜ் அளவுல ஒண்ணுன்னு பேனல் இருக்கணும், இன்கிரிமென்ட் கட்டு வரைக்கும் போற தண்டனையெல்லாம் அவங்க பாடு. ஒங்க கையில இருக்குறது ஜர்னல்ல என்ன நிக்கணும்ங்கிறது மட்டும்தான். அவங்க இழுத்தடிச்சா அதுவரைக்கும் "இந்தக் கட்டுரை மேல சந்தேகம் இருக்கு, விசாரணை நடக்குது"ன்னு ஒரு குறிப்ப கட்டுரையோட சேத்துப் போடலாம். தப்புன்னு உறுதியாச்சுன்னா ரிட்ராக்ட் பண்ணணும், அதாவது வாபஸ் வாங்கணும். ரிட்ராக்ட்னா தூக்குறது இல்ல, கட்டுரை அங்கயேதான் இருக்கும், ஒவ்வொரு பக்கத்துலயும் ரிட்ராக்டட்னு முத்திரை விழும், யாரு எதுக்காக வாபஸ் வாங்குனாங்கன்னு தேதியோட தனி அறிவிப்பு வரும், ரெண்டுக்கும் லிங்க் இருக்கும். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்ட 1998 கட்டுரைய லான்செட்ங்கிற மெடிக்கல் ஜர்னல் 2010-லதான் வாபஸ் வாங்குச்சு, அந்த 12 வருஷத்துல நடந்த சேதம் இன்னும் தீரல, இன்னைக்கும் அது முத்திரையோட அங்கதான் கெடக்கு. அதே லான்செட் 2020-ல கொரோனா நேரத்துல ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை பத்தி மே 22 போட்ட கட்டுரைய, டேட்டாவ சரிபாக்க முடியலன்னதும் ஜூன் 4-க்கே வாபஸ் வாங்கிருச்சு. அதனால யாரும் ஜர்னல மூடிறல.

இன்னொண்ணு, ஸ்காலருக்கு அவங்க சொந்த மெயிலுக்கே தனியா அனுப்புங்க, கைடு மூலமா போக வேணாம். சாம்பிள் எடுக்க உசிலம்பட்டிக்கு அலைஞ்சது அந்தப் புள்ளயாத்தான் இருக்கும், டேபிள மாத்துனது யாருன்னு அதுக்கே தெரியாமக்கூட இருக்கலாம். தனியா அது ஏதாச்சும் எழுதுனா கைடுக்கு காப்பி போட்டுறாதீங்க, வைவா முடியுற வரைக்கும் அவரு கையெழுத்து அதுக்கு வேணும்.